‘மறுபடியும்’ என்பதற்கு ஐஸ்லாந்து மொழியில் ஒரு சொல் போதாது

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். இந்த வேலையே திரும்பத் திரும்ப நடப்பவற்றால் ஆனது. காலை மாத்திரை, இரவு மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும் பயிற்சி, ‘மணி என்ன?’ என்று ஓயாமல் வரும் அதே கேள்வி. அதனால் இங்கே எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டவை பழங்களின் பெயர்களோ நிறங்களின் பெயர்களோ அல்ல. மறுபடியும், இன்னொரு தடவை, அடிக்கடி, எப்பப் பார்த்தாலும், ஒருநாள் விட்டு ஒருநாள் என்கிற மாதிரிச் சொற்கள்தான்.

ஐஸ்லாந்தில் கடை, பேருந்து, வங்கி என எங்கே போனாலும் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ நான்கு லட்சம்தான். வெளியாள் கொஞ்சம் தயங்கினால் போதும், எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ஆனால் தொண்ணூறு வயதுப் பெரியவரிடம் அது நடக்காது. மறதி நோய் வந்தவர்களிடம் பிற்காலத்தில் கற்ற மொழி பெரும்பாலும் முதலில் நழுவிப் போகிறது. தாய்மொழி அதைவிட நீண்ட காலம் நிற்கிறது. அவர்கள் மொழிக்கு நாம்தான் போக வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தமிழர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: இந்தச் சொற்களை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். தமிழிலிருந்து நேராகப் போங்கள். பாதி வேலையைத் தமிழ் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

முதலில் ‘ஆஃப்துர்’. ஆங்கில அகராதியில் ‘அகெய்ன்’ என்று தேடினால் இதுதான் முதலில் நிற்கும். மறுபடியும் என்று அதை மனப்பாடம் செய்துகொண்டு வேலைக்குப் போனால், கண்ணில் மருந்து விட்டுவிட்டுச் செவிலியர் பெரியவரிடம் ‘லௌத்து ஆஃப்துர் அய்குன்’ என்று சொல்வது காதில் விழும். அங்கே மறுபடியும் என்கிற பேச்சே இல்லை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று பொருள். காரில் பின் இருக்கையில் உட்காருவது ‘ஆஃப்துர் ஈ’. தாழ்வாரத்தில் முன்னும் பின்னுமாக நடப்பது ‘ஃப்ராம் ஓக் ஆஃப்துர்’. ‘ஆனால் இன்னொரு பக்கம் பார்த்தால்’ என்று பேச்சைத் திருப்பும்போது ‘ஆஃப்துர் ஔ மோத்தி’. இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் பின்னால் என்பதுதான். கப்பலின் பின்பக்கத்தைச் சொல்லும் ஆங்கில ‘ஆஃப்ட்’ இதற்கு உறவு.

ஆங்கிலத்தில் மறுபடியும் என்பதற்கு ஒரு சொல், பின்னால் என்பதற்கு வேறொரு சொல். தமிழில் ‘திரும்ப’ இரண்டையும் சுமக்கிறது. ‘அவள் திரும்ப வந்தாள்’ என்றால் போன இடத்திலிருந்து வந்தாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இன்னொரு தடவை வந்தாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ‘ஹூன் கோம் ஆஃப்துர்’ என்ற ஐஸ்லாந்து வாக்கியத்துக்கும் இதே இரண்டு பொருள். ‘ஆஃப்துர் ஓக் ஆஃப்துர்’ அப்படியே திரும்பத் திரும்ப. ஆகவே மனதில் ஆஃப்துரை ‘அகெய்ன்’ பக்கத்தில் வைக்காமல் ‘திரும்ப’ பக்கத்தில் வையுங்கள். வந்த வழியே திரும்புவது, கடையில் மீதிச் சில்லறை கிடைப்பது போன்றவற்றுக்கு ‘தில் பாக்கா’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. கண்ணை மூடுவது மட்டும் தமிழ்த் ‘திரும்ப’வுக்குள் அடங்காது; அதைத் தனி வாக்கியமாகவே படித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, என் வேலையில் நான் அதிகம் கேட்கும் மூன்று சொற்கள்: ‘எய்னு சின்னி என்’. உடற்பயிற்சி நிபுணர் ஒரு பாட்டியை நாற்காலியிலிருந்து எழுப்பி நிற்க வைத்து, உட்கார வைத்து, சிரித்துக்கொண்டே சொல்வது இது. ஒரு தடவை, இன்னும். நம் தியேட்டரில் ரசிகர்கள் எழுந்து நின்று ‘ஒன்ஸ் மோர்’ கேட்பார்களே, அந்த உற்சாகம் இதில் இருக்கிறது. இதே மூன்று சொற்களை இடம் மாற்றி ‘என் எய்னு சின்னி’ என்று போட்டால் குரலே மாறிவிடும். ‘மறுபடியுமா!’ என்கிற சலிப்பு வந்துவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரம் நின்றுபோனபோது சமையலறையில் வரும் வாக்கியம் அது. ஒரு மூதாட்டியிடம் அன்போடு இன்னொரு தடவை எழச் சொல்ல நினைத்து வரிசையை மாற்றிவிட்டால், ‘இதோடு எத்தனை தடவை!’ என்று அவர் காதில் விழலாம். ஆகவே இந்த இரண்டையும் சேர்த்து ஒரே அட்டையில் எழுதாதீர்கள். ஒன்றைப் பயிற்சி அறையிலும் மற்றதைப் பழுதான இயந்திரத்தின் பக்கத்திலும் வைத்து நினைவில் நிறுத்துங்கள்.

இந்த ‘என்’ நம்முடைய ‘என்’ அல்ல. கடைசி ‘ன்’ நீண்டு ஒலிக்கும், இன்னும் என்று பொருள். ‘எய்னு சின்னி’ மட்டும் தனியாக வந்தால் ஒரு தடவை. பாட்டி கதை தொடங்கும்போது ‘எய்னு சின்னி வார்’ என்றால் ஒரு காலத்தில் இருந்தது என்று பொருள். முன்னால் ‘எக்கி’ சேர்த்து ‘எக்கி எய்னு சின்னி’ என்றால் ‘கூட இல்லை’ என்று ஆகிவிடும். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுத இதுதான் வேண்டும். இதை ஒரு தடவை இல்லை என்று படித்தால் குறிப்பின் பொருளே கெட்டுவிடும். அதனால் இதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது.

‘என்’ இன்னொரு இடத்திலும் நிறையக் கேட்கும்: செய்திகளில். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கிலிருந்து காற்றழுத்தத் தாழ்வு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ‘என் எய்ன் லைக்தின்’ என்பார்கள். அதாவது, இதோ இன்னொரு தாழ்வு, மறுபடியும். ரெய்க்யனெஸ் தீபகற்பத்தில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அடங்கியிருந்த எரிமலைகள் 2021 மார்ச்சில் விழித்துக்கொண்டன. 2023 நவம்பர் 10 அன்று அங்கே உள்ள கிரிண்டாவிக் ஊரையே காலி செய்தார்கள். அந்த டிசம்பரில் ஊருக்கு அருகே நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு வந்தது. 2024இல் மட்டும் அதே பகுதியில் 6 தடவை வெடித்தது. அப்போது ஓய்வறைத் தொலைக்காட்சியின் முன்னால் பெரியவர்கள் சொன்னது: ‘என் எய்ஹ்த் கோசித்’. இன்னொரு வெடிப்பு, மறுபடியும். அதையே செய்தியாளர் ‘நீஹ்த் கோஸ்’ என்பார், அதாவது புதிய வெடிப்பு. தகவல் ஒன்றுதான். ஆனால் எத்தனை தடவைதான் தாங்குவது என்கிற பாரம் பெரியவர் சொன்னதில் மட்டுமே இருக்கிறது. கிரிண்டாவிக்கில் வீட்டை விட்டு வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் இந்த வேறுபாடு ரொம்பவே முக்கியம். 

எய்ட்ன், எய்ன், எய்ஹ்த் என்று ஒன்று என்பதற்கே மூன்று வடிவம் இருப்பதைப் பார்த்துப் பலர் மலைத்துப் போகிறார்கள். ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று நாமும்தான் சொல்கிறோம். அங்கே பொருள்களுக்கும் ஆண், பெண் உண்டு என்பதுதான் கூடுதல்: காற்றழுத்தத் தாழ்வு பெண்பால், வெடிப்பு ஒன்றன்பால், நாள் ஆண்பால். வேற்றுமை உருபும் அப்படித்தான். அவர்களுக்கு நான்கு வேற்றுமை, நமக்கு எட்டு. சொல்லின் வால் மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி மருந்து. இதில் கவனம் பிசகக் கூடாது. ஒரு தடவை ‘எய்னு சின்னி’, இரண்டு தடவை ‘த்விஸ்வர்’, மூன்று தடவை ‘த்ரிஸ்வர்’. நான்கிலிருந்து ‘ஃபியோரும் சின்னும்’ என்று எண்ணோடு ‘சின்னும்’ சேரும். மருந்துச் சீட்டில் சுருக்கமாக 2 அல்லது 3 என்று எண்ணைப் போட்டு அதோடு ‘ஸ்வர்’ ஒட்டி எழுதியிருப்பார்கள். பார்க்க ஏதோ குறியீடு போலத் தெரியும். படிப்பது த்விஸ்வர், த்ரிஸ்வர் என்றுதான். ‘ஔ தாக்’ என்றால் ஒரு நாளைக்கு.

சிக்கல் ஒருநாள் விட்டு ஒருநாளில் வருகிறது. ‘அன்னன் க்வெர்ன் தாக்’ என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். நடுச்சொல்லில் ஒரே ஒரு உயிரெழுத்தை மாற்றி, நாளின் வாலையும் நீட்டி ‘அன்னன் க்வோர்ன் தய்யின்’ என்றால் இரண்டு நாளில் ஏதோ ஒரு நாள். ஐஸ்லாந்து மொழியில் இரண்டில் ஒன்று என்பதற்கும் பலவற்றில் ஒன்று என்பதற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு, அதனால் வரும் வேறுபாடு இது. இந்த ஊர்க்காரர்களே பேச்சில் இந்த இரண்டையும் கலந்துவிடுவார்கள். அதனால் நான் எப்போதும் கிழமையைக் கேட்டு உறுதி செய்துகொள்வேன்: திங்கள், புதன், வெள்ளி, சரியா? கிழமை பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. மருந்து விஷயத்தில் இலக்கணத்தை நம்புவதைவிட நாட்காட்டியை நம்பலாம்.

நாள் பற்றிய இன்னொரு ஜோடி, இது இனிமையானது. ‘தாக் எஃப்திர் தாக்’ என்றால் தினம் தினம் அதே கதை. ‘தாக் ஃப்ரௌ தெய்யி’ என்றால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றம். இடுப்பு எலும்பு முறிந்து வந்த அம்மா நாளுக்கு நாள் தேறி வருகிறார் என்று குறிப்பேட்டில் எழுத இரண்டாவதுதான் வேண்டும். ‘நாளுக்கு நாள்’ என்று நாம் எங்கெல்லாம் சொல்வோமோ அங்கெல்லாம் அது பொருந்தும். நான் பார்த்தவரை விதிவிலக்கு இல்லை.

‘எந்துர்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. ஆங்கிலத்தில் ‘ரீ’ என்று சொல்லுக்கு முன்னால் சேருமே, ரீசைக்கிள், ரீஃபண்ட் என்று, அது லத்தீனிலிருந்து வந்தது. ஐஸ்லாந்துக்காரர்கள் அதை இரவல் வாங்கவில்லை. மறுபடியும் என்று பொருள்படும் தங்கள் பழைய சொல்லையே எடுத்து முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். நாம் ‘மறு’ என்று ஒட்டுவது போலத்தான். எந்துர்வின்ஸ்லா என்றால் மறுசுழற்சி. காலிப் பாட்டில், டின்களைத் திருப்பிக் கொடுத்து வைப்புத்தொகையை வாங்கிக்கொள்ளும் நிலையத்தின் வாசலில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். எந்துர்ஹைவிங் என்றால் மறுவாழ்வுப் பயிற்சி. விழுந்து எழுந்தவர்களுக்கு நாங்கள் தருவது அதுதான். எந்துர்க்ரெய்த்ஸ்லா, கட்டிய பணம் திரும்பக் கிடைப்பது. எந்துர்ஸ்கோதந்தி, கணக்கை மறுபடி பார்ப்பவர், அதாவது தணிக்கையாளர். எந்துர்ரெய்ஸ்ன், விழுந்ததைத் தூக்கி நிறுத்துவது. நாம் மறுமலர்ச்சிக் காலம் என்று சொல்லும் ஐரோப்பியக் காலத்துக்கும் இதே பெயர். 930இல் தொடங்கிய ஆல்திங்கி என்ற நாடாளுமன்றம் 1800இல் கலைக்கப்பட்டு 1845இல் மறுபடி கூடியதைச் சொல்லவும் பள்ளிப் புத்தகங்களில் இந்தச் சொல்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது எந்துர்ஸ்கின். மறுஒளி, அதாவது ஒளியைத் திருப்பிக் காட்டுவது. டிசம்பரில் ரெய்க்யவிக்கில் சூரியன் நான்கு மணி நேரம் போலத்தான் மேலே இருக்கும். பள்ளிப் பிள்ளைகள், நடைக்குப் போகும் பெரியவர்கள் என எல்லோர் கோட்டிலும் வண்டி விளக்குப் பட்டால் மின்னும் சின்ன வில்லை தொங்கும். எந்துர்ஸ்கின்ஸ்மெர்க்கி. புதிதாக வருகிறவர்கள் முதல் குளிர்காலத்துக்கு முன்பே இந்த வில்லையையும் வாங்கி வையுங்கள், இந்தச் சொல்லையும் கற்று வையுங்கள்.

அப்புறம் எந்துர்மின்னிங். மின்னிங் என்றால் நினைவு. மறுபடி நினைப்பது, அதாவது பழைய நினைவு. பெரியவர்களிடம் பேச்சை ஆரம்பிக்க இதைவிட நல்ல திறவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை. எந்த ஊரில் பிறந்தீர்கள், மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை எப்படி இருந்தது என்று கேட்டால் போதும்.

‘எந்துர்’ தனியாக வந்தால் மட்டும் வாத்துகள். ஒரு வாத்து ‘ஒந்த்’, பல வாத்துகள் ‘எந்துர்’. நகர மையத்தில் த்யோர்னின் என்ற குளம் இருக்கிறது; பேரப்பிள்ளைகளோடு போய் வாத்துகளைப் பார்த்த கதையைச் சொல்லாத ரெய்க்யவிக் பாட்டி குறைவு. பாட்டி ‘எந்துர்’ என்று சொல்லி நிறுத்தினால் வாத்து, தொடர்ந்தால் மறு. கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

இனி, எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டிய ஒரு சொல்: ‘ஈத்ரெக்கா’. ஆங்கில அகராதி ‘ரிப்பீட்’ என்பதற்கு எந்துர்தாக்காவையும் ஈத்ரெக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம். இரண்டும் ஒன்றல்ல. எந்துர்தாக்கா வெறுமனே திரும்பச் செய்வது அல்லது சொல்வது. ஈத்ரெக்கா, சொன்னதை அழுத்தி மறுபடி சொல்வது. கட்டாத பில்லுக்கு வரும் இரண்டாவது கடிதத்தின் தலைப்பு ‘ஈத்ரெக்குன்’. சட்டத்தில் அதே குற்றத்தை மறுபடி செய்வதற்கும் இதே சொல். ‘பலமுறை எச்சரித்தும்’ என்று செய்தியில் எழுதும்போது ‘ஈத்ரெக்கத்’ என்று வரும். ஆக, சக ஊழியருக்கு அன்பாக ஒரு நினைவூட்டல் அனுப்பும்போது இதைத் தொடாதீர்கள். மேலாளரிடம் ஏற்கெனவே கேட்டு நடக்காத பாதுகாப்பு விஷயம் ஒன்று இருந்தால், அப்போது எழுதுங்கள். அங்கே இந்தச் சொல்லுக்குரிய எடை தேவைப்படுகிறது.

சலிப்பைச் சொல்லும் சொற்கள் ஐஸ்லாந்து மொழியில் நிறையவே இருக்கின்றன. ‘சீ ஓக் ஐ’ என்றால் ஓயாமல். ‘ஐ ஓவன் ஈ ஐ’ என்றால் திரும்பத் திரும்ப. ‘எப்போதும்’ என்பதன் மேல் இன்னொரு ‘எப்போதும்’ ஏற்றி வைத்த மாதிரி. ‘சீக்ந்த் ஓக் ஹெய்லாக்த்’ என்றால் எப்பப் பார்த்தாலும். பழங்காலத்தில் வழக்காடத் தகுந்த நாளும், வழக்காடக் கூடாத புனித நாளும் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னது. அல்லும் பகலும் என்று எதிரெதிரான இரண்டை நாம் சேர்ப்பது இதே முறைதான். சொன்னதையே சொல்வதை ‘ஸ்தாகஸ்த் ஔ’ என்பார்கள். கிழிந்த துணியைத் தைப்பதைச் சொல்லும் சொல்லோடு தொடர்புடையது. நாமோ அரைத்த மாவையே அரைப்பதாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் உடைந்த இசைத்தட்டு என்பார்கள். ஐஸ்லாந்தில் அது ‘ரிஸ்புத் ப்லாத்தா’, கீறல் விழுந்த இசைத்தட்டு. கீறல் விழுந்த ரெக்கார்டு! இதைக் கேட்டபோது அகராதியைத் தேடிப் போக வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

இந்தச் சொற்களையெல்லாம் புரிந்துகொள்ளக் கற்க வேண்டும். ஆனால் மறதி நோய் உள்ளவர்கள் முன்னால் ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இது மொழி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. ‘மணி என்ன?’ என்று ஒருவர் இருபதாவது முறை கேட்கும்போது, அவருக்கு அது முதல் முறை. ‘இப்பத்தானே சொன்னேன்’, ‘நான் சொன்ன மாதிரி’, ‘மறுபடியும் சொல்கிறேன்’ எல்லாமே அவரிடம் இல்லாத ஒன்றைச் சுட்டிக்காட்டும் வாக்கியங்கள். முகம் சட்டென்று சுருங்கும். அதனால் பதிலை மட்டும் சொல்வேன், ஆஃப்துர் சேர்க்காமல், அதே குரலில். மூன்று மணி. இப்போது காபி வரும். நம் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே அந்நிய மொழியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்ததால் எதைச் சொல்லாமல் விடலாம் என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

கூடவே ஒன்று: ஐஸ்லாந்தில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். மருத்துவர், அமைச்சர், தொண்ணூறு வயதுப் பாட்டி, யாராக இருந்தாலும் ‘நீ’தான், ‘நீங்கள்’ என்பதற்கான வடிவம் வழக்கொழிந்துவிட்டது. பாட்டியைப் பெயர் சொல்லி அழைப்பது நமக்குக் கொஞ்ச காலம் தொண்டையில் நிற்கும். மரியாதையை இங்கே வேறு இடங்களில் வைக்க வேண்டியிருக்கிறது. முதல் முறை கேட்ட மாதிரியே பதில் சொல்வது அப்படி ஓர் இடம்.

நாமே புரியாமல் திரும்பக் கேட்க வேண்டி வரும்போது என்ன சொல்வது? பாடப் புத்தகம் எந்துர்தாக்கா போட்டு நீளமான பணிவான வாக்கியம் ஒன்றைத் தரும். நடைமுறையில் எல்லோரும் சொல்வது ‘ஹா?’ அவ்வளவுதான். அது மரியாதைக் குறைவே இல்லை. கொஞ்சம் முழுமையாக வேண்டுமானால் ‘க்வாத் சாக்திர்து?’, என்ன சொன்னாய் என்று கேட்கலாம். இதை நிகழ்காலத்தில் ‘க்வாத் செய்யிர்து?’ என்று கேட்டால் அது பெரும்பாலும் ‘என்ன சேதி, நல்லா இருக்கியா?’ என்ற விசாரிப்பு. பதிலாக நலத்தைச் சொல்வார்கள், வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல மாட்டார்கள். ‘அய்தெய்ன்ஸ் ஹைகர்’, கொஞ்சம் மெதுவாக, என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சொல்லக் கேட்டால் மொழியை மாற்றாமல் வேகத்தைக் குறைப்பார்கள். வெறுமனே விழித்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள். மேற்கு ஃபியோர்டுப் பகுதியில் ‘கேவும் ஈஸ்லென்ஸ்கு ஷென்ஸ்’ என்றே ஓர் இயக்கம் இருக்கிறது. ஐஸ்லாந்து மொழிக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று பொருள். கற்றுக்கொள்ள வந்தவரோடு பொறுமையாக அந்த மொழியிலேயே பேசுங்கள் என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டுக்கொள்ளும் இயக்கம்.

சொல்லை இரட்டிப்பது நமக்குக் கைவந்தது. இங்கேயும் உண்டு. போனை வைக்கும்போது ‘ப்லெஸ் ப்லெஸ்’, சரி சரி என்பதற்கு ‘யௌ யௌ’. ஒற்றை ‘யௌ’ ஆம் என்று முடிந்துவிடும். இரட்டை ‘யௌ யௌ’ குரலைப் பொறுத்துத் தட்டிக்கொடுக்கும் அல்லது தட்டிக்கழிக்கும். நம் சரி சரியும் அப்படித்தானே.

பழமொழிகளைப் பெரியவர்களிடமிருந்துதான் பொறுக்கினேன். மீன்பிடிப் படகில் வாழ்நாளைக் கழித்த ஒரு தாத்தா, தொடர்ந்து கெட்ட சேதி வந்தபோது சொன்னது: ‘ஷ்யால்தன் எர் எய்ன் பௌரன் ஸ்தெக்’. அலை தனியாக வருவது அரிது. பட்ட காலிலே படும் என்று நாம் சொல்வதை அவர்கள் கடலில் வைத்துச் சொல்கிறார்கள். ‘த்ரோப்பின் ஹோலர் ஸ்தெய்னின்’, சொட்டு கல்லைக் குடையும். எறும்பு ஊரக் கல்லும் தேயும். ‘கோத் வீசா எர் அல்த்ரெய் ஓவ் ஓஃப்த் க்வேதின்’, நல்ல செய்யுளை எத்தனை தடவை சொன்னாலும் அதிகமில்லை. கை கழுவும் விதியை மறுபடி விளக்கும்போது செவிலியர்கள் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். ஒரே அறிவுரையை மறுபடி சொல்ல வேண்டி வந்தால் இதை முன்னால் போடுங்கள். ஈத்ரெக்கா தரும் கடுமை இல்லாமல் அதே வேலை நடக்கும்.

எப்படிப் படித்தேன் என்று கேட்பவர்களுக்கு: தனிச் சொல் அட்டை எழுதுவதை விட்டுவிடுங்கள். கேட்ட வாக்கியத்தை முழுசாக எழுதி, யார், எங்கே, எந்த மனநிலையில் சொன்னார் என்று தமிழில் ஒரு வரி சேருங்கள். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே மறதியை அளந்து காட்டினார். கற்றது முதலில் வேகமாக மறக்கிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. இன்றைய சொல் அட்டைச் செயலிகள் பலவும் அந்தக் கருத்தை வைத்துத்தான் ஓடுகின்றன. ஆனால் எந்தச் செயலியும் ‘எய்னு சின்னி என்’ என்பதன் சிரிப்பைச் சேர்த்துத் தராது. அதற்கு ஆள் வேண்டும். நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டி அதற்கு நல்ல இடம். அங்கே யாருக்கும் அவசரம் இல்லை, எல்லோரும் வானிலை பற்றிப் பேசுவார்கள், ஆகவே ‘என்’ கட்டாயம் வரும்.

சொல் வடிவங்களைச் சரிபார்க்க ஆர்னி மாக்னுஸ்ஸொன் ஆய்வு நிறுவனத்தின் ‘பீன்’ இணையதளம் இலவசம். சந்தேகமான சொல்லை உள்ளிட்டால் அதன் எல்லா வடிவங்களும் அட்டவணையாக வரும். ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பாடமும் இலவசமாகவே கிடைக்கிறது. நேரடி வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். தொழிற்சங்கத்தில் சந்தா கட்டும் ஊழியராக இருந்தால், பெரும்பாலான சங்கங்கள் அந்தக் கட்டணத்தில் ஒரு நல்ல பங்கைத் திருப்பித் தருகின்றன. வகுப்பு முடிந்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம், அதனால் பணம் கட்டிய ரசீதையும் வகுப்புக்குப் போனதற்கான சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள். எவ்வளவு கிடைக்கும், எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.